லிட்டில் மோர்ட்டன் ஹால்: கோணலா நிக்கற மர வீட்டைப் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விகள்

இங்கிலாந்துல செஷயர் பக்கம், காங்கிள்டன் ஊருக்கு தென்மேற்கே ஒரு 7 கிலோமீட்டர் தள்ளி, மாடு மேயற பச்சை வயலுக்கு நடுவுல ஒரு மர வீடு இருக்கு. பேரு லிட்டில் மோர்ட்டன் ஹால். நான் இதோட போட்டோவை யாருக்கு அனுப்பினாலும் வர்ற முதல் பதில் "இது நிஜமா, எடிட் பண்ணதா?"ங்கறதுதான், அவ்வளவு கோணல், அவ்வளவு கோடு, கட்டம், பூ. அங்க போய்ட்டு வந்ததுலேர்ந்து நண்பர்கள் கேட்ட கேள்விகளும், போறதுக்கு முன்னாடி எனக்கே இருந்த சந்தேகங்களும் சேர்ந்து பெரிய லிஸ்ட் ஆயிடுச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு.

இது எப்போ கட்டினது? அரண்மனையா?

அரண்மனை இல்ல, கோட்டையும் இல்ல. நிலம் வெச்சிருந்த ஒரு வசதியான கிராமத்துக் குடும்பத்தோட வீடு. மோர்ட்டன் குடும்பம். 1348ல வந்த பெரிய கொள்ளைநோய்ல ஜனங்க கொத்துக்கொத்தா செத்து நிலமெல்லாம் ஆளில்லாம கிடந்தப்போ இவங்க வாங்கிப்போட்டாங்க, அப்புறம் எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூடினப்போ இன்னும் கொஞ்சம் வாங்கினாங்க, இப்படியே சேர்ந்து 16ஆம் நூற்றாண்டு நடுவுல சுமார் 1,360 ஏக்கர், மாவு அரைக்கற மில்லு, பழத்தோட்டம், இரும்பு உருக்கற உலைனு பெரிய பண்ணையாயிடுச்சு.

வீட்டோட பழைய பகுதி 1504லேர்ந்து 1508க்குள்ள வில்லியம் மோர்ட்டன் கட்டினது. அதுக்கப்புறம் பையன், பேரன்னு ஒவ்வொருத்தரும் கையில காசு வந்தப்போ ஒரு துண்டு சேத்துக்கிட்டே போனாங்க, கடைசிப் பெரிய துண்டு 1610 வாக்குல, சமையலுக்கும் பீர் காய்ச்சறதுக்கும். ஆக நீங்க பாக்கறது ஒரே பிளான்ல வந்த வீடு இல்ல, நூறு வருஷமா வளர்ந்த வீடு. இதை மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் புரியும்.

ஏன் இவ்ளோ கோணலா இருக்கு?

எல்லாரும் கேக்கறது இதுதான், அதனால கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்றேன்.

பாலத்தைத் தாண்டி முன்னாடி நிக்கறது தெற்குப் பகுதி, வாசல் இருக்கற பக்கம். 1560 ஒட்டி கட்டினது. அதுக்கு மேல மூணாவது மாடியா, தலைல மூட்டை வெச்ச மாதிரி, ஒரு நீளமான கூடம் உக்காந்திருக்கு. லாங் கேலரினு சொல்வாங்க. 68 அடி நீளம், கிட்டத்தட்ட 21 மீட்டர், சுத்தி பூரா ஜன்னல். அந்தக் காலத்துல பணக்கார வீடுகள்ல இந்த மாதிரி நீளக் கூடம் ஒரு ஃபேஷன், மழை நாள்ல வெளிய போகாம உள்ளயே நடக்கலாம், விளையாடலாம். பக்கத்து வீட்ல இருக்கு, நமக்கும் வேணும்ங்கற ஆசை எந்தக் காலத்துலயும் உள்ளதுதானே.

பிரச்சனை என்னன்னா, கீழ இருக்கற ரெண்டு மாடியும் இந்த எடையை மனசுல வெச்சு கட்டினது மாதிரி தெரியல, கேலரி பாதில வந்த யோசனை மாதிரிதான் இருக்கு. சரி மரம்தானே, லேசா இருக்கும்னு நினைக்காதீங்க, கூரைல போட்டிருக்கறது ஓடு இல்ல, கல்லு. கிரிட்ஸ்டோன்னு சொல்ற சொரசொரப்பான மணற்கல்லை பலகை பலகையா பொளந்து அடுக்கியிருக்காங்க. அவ்ளோ கல்லும் மேல, சுவர் முழுக்க ஜன்னல், அதாவது எடை தாங்கற சுவரே இல்ல, கீழ நீள நீளமான உத்தரம். எடை கூடக் கூட உத்தரம் நடுவுல தொங்கிச்சு, தரை அலை அலையா ஆச்சு, தூணெல்லாம் வெளிப்பக்கமா சாய ஆரம்பிச்சுது. கேலரி கூரைல ஒரு பக்கத்துலேர்ந்து மறுபக்கத்துக்கு குறுக்கா போற கட்டைங்களைக் கூட முதல்ல போட்டதா தெரியல, 17ஆம் நூற்றாண்டுல, ரெண்டு பக்கமும் பிச்சுக்கிட்டு போயிடக்கூடாதுனு, சேத்தாங்கன்னுதான் சொல்றாங்க. பிற்காலத்துல கம்பி போட்டு இழுத்துக் கட்டினாங்க.

அப்போ ஏன் விழல?

மரச்சட்ட வீடுங்கறதாலதான். செங்கல் சுவர் இவ்ளோ வளைஞ்சா விரிசல் விட்டு சரிஞ்சிடும். இங்க சுவர்ங்கறது வெறும் அடைப்பு, வீட்டைத் தூக்கி நிறுத்தறது ஓக் மரக்கூடு. ஒரு இடத்துல பாரம் கூடினா அந்த மூட்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பாரம் பக்கத்துக் கட்டைக்குப் போகும், அது கொஞ்சம் வளையும், அப்படியே ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு எல்லாரும் நிப்பாங்க. நான் கேலரில நடந்தப்போ தரை ஏறி இறங்கறது கால்ல நல்லாவே தெரிஞ்சுது, கப்பல் மேல்தளத்துல நடக்கற மாதிரி, கொஞ்சம் பயமா இருந்துச்சுன்னு ஒத்துக்கறேன், ஆனா அந்த மேடுபள்ளம் ஒவ்வொண்ணும் எடை எந்த வழியா கீழ இறங்கிச்சுங்கறதுக்கு சாட்சி.

ஆணியே இல்லாம கட்டினதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

கூட்டைப் பொறுத்தவரை ஆமா. இரும்பு ஆணி கிடையாது, மர முளைதான். ஒரு கட்டை நுனியை கழுந்தா செதுக்கி, இன்னொரு கட்டைல துளை போட்டு, உள்ள சொருகி, ரெண்டையும் சேத்து குறுக்கா ஓட்டை போட்டு ஓக் முளையை அடிச்சு இறக்குவாங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கழுந்துல போடற ஓட்டையையும் துளைப் பக்கம் போடற ஓட்டையையும் நேருக்கு நேர் போடமாட்டாங்க, ஒரு நூல் தள்ளிப் போடுவாங்க. முளையை அடிக்கும்போது அது வளைஞ்சுதான் உள்ள போகும், போகும்போது மூட்டை இறுக்கி இழுத்துக்கும், அப்புறம் அந்த இறுக்கம் விடவே விடாது.

இன்னொண்ணு, மரத்தைக் காய வெச்சு வேலை செய்யல. வெட்டின கொஞ்ச நாள்லயே, பச்சை மரமாவே இழைச்சு பொருத்திடுவாங்க. காஞ்ச ஓக் இரும்பு மாதிரி, கை உளியும் கோடாலியும் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பச்சையா பொருத்தின மரம் வீடா நிக்கும்போதே வருஷக்கணக்கா காயும், சுருங்கும், முறுக்கும். அதனால பாரமே இல்லாத இடத்துல கூட ஒரு கோணல் வரும். இந்த வீட்டோட வளைவுல பாதி எடை பண்ணது, மீதி மரம் தானா பண்ணதுன்னு வெச்சுக்கலாம்.

மரத்தை எல்லாம் மேல ஏத்தி அங்கயே வெட்டிப் பொருத்துவாங்களா?

இல்லங்க. ஒவ்வொரு சுவரோட சட்டத்தையும் முதல்ல தரைல படுக்க வெச்சு முழுசா கோத்துப் பாப்பாங்க, எந்தக் கழுந்து எந்தத் துளைக்குன்னு ரோமன் எண்ல குறி கீறி வெப்பாங்க, அப்புறம் பிரிச்சு, வண்டில ஏத்தி கொண்டுவந்து, கல் அஸ்திவாரத்து மேல திரும்ப கோத்து ஆள் சேர்ந்து தூக்கி நிறுத்துவாங்க. அந்தக் காலத்து மரச்சட்ட வீடுகள்ல தேடிப்பாத்தா அந்தக் குறி இன்னிக்கும் கிடைக்கும். ஏன் ரோமன் எண்னா, எல்லாமே நேர்க்கோடு, உளியால டக்குனு வெட்டிடலாம்.

சட்டத்துக்கு நடுவுல வெள்ளையா இருக்கறது என்ன?

அடிப்படைல நம்ம ஊர் வரிச்சுச் சுவர்தான். ஓக் குச்சியை நட்டு நிறுத்தி, வளையற மிலாறைக் குறுக்க பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் பிசைஞ்சு ரெண்டு பக்கமும் அப்பி, மேல சுண்ணாம்பு பூசறது. பிற்காலத்துல ரிப்பேர் பண்ணும்போது இந்த மாதிரி வீடுகள்ல அங்கங்க செங்கல் வெச்சு அடைக்கறதும் உண்டு.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், மனசு கேக்கல. சுண்ணாம்பும் மண்ணும் மூச்சு விடும், மழைல நனைஞ்சாலும் ஈரத்தை வெளிய விட்டுடும். 20ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து முழுக்க இந்த மாதிரி பழைய வீடுகளுக்கு நல்லது பண்றோம்னு சிமென்ட் பூசினாங்க, சிமென்ட் சுருங்கி மரத்துக்கும் அதுக்கும் நடுவுல முடி அளவு இடைவெளி விடும், அதுக்குள்ள போன தண்ணி வெளிய வரவே வழியில்லாம மரத்தை உள்ளுக்குள்ளயே உளுத்துப்போக வெச்சுடும். நானூறு வருஷம் நின்ன மரம் சிமென்ட் பூசி கொஞ்ச வருஷத்துல பொடியாயிருக்கு. பழைய வீடு வெச்சிருக்கறவங்க யார் படிச்சாலும், எந்த நாட்டுல இருந்தாலும், தயவுசெஞ்சு பூசறதுக்கு முன்னாடி சுவர் எதுல கட்டினதுன்னு பாருங்க.

கறுப்பு வெள்ளை கலர் அந்தக் காலத்துலயே இருந்துதா?

பெரும்பாலும் இல்ல. டியூடர், அதாவது எட்டாம் ஹென்றி வம்சம் ஆண்ட காலத்து வீடுன்னு சொன்னாலே கறுப்புக் கட்டை, வெள்ளைச் சுவர்னு நம்ம மனசுல பதிஞ்சிருக்கு, ஆனா மரத்துக்கு அப்படி தார் பூசி கறுப்பாக்கற பழக்கம் பரவினது 19ஆம் நூற்றாண்டுல, விக்டோரியா காலத்துல. கட்டின காலத்துல ஓக்கை அப்படியே விட்டுடறதுதான் வழக்கம், வெயில்லயும் மழைலயும் அது வெள்ளி மாதிரி சாம்பல் நிறமாயிடும், நடுவுல பூச்சு மண் கலர்லயோ வெளிர் மஞ்சளாவோ இருக்கும். கண்ணை மூடி அந்தக் கலர்ல இந்த வீட்டை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க, முழுக்க வேற வீடு.

இவ்ளோ கட்டம், பூ, மீன்முள் டிசைன் எல்லாம் வீடு நிக்கறதுக்கு வேணுமா?

வேணாம். பாதிக்கு மேல அழகுக்குத்தான். சாய்வா மீன்முள் மாதிரி அடுக்கினதும், நாலு இதழ் பூ மாதிரி வளைஞ்ச துண்டுகளைச் சேத்ததும் பாரம் தாங்கறதுல்ல. ஓக் விலை அதிகம், செதுக்கற கூலியும் அதிகம், அதனால தேவைக்கு மேல மரம் போடறது "எங்ககிட்ட இருக்கு பாரு"ன்னு ஊருக்குச் சொல்றது. செஷயர் பக்கம் நல்ல கட்டடக்கல் ரொம்ப இல்ல, ஓக் காடு இருந்துச்சு, அதனால பணத்தைக் காட்டணும்னா அங்க தச்சர்தான் கலைஞர்.

மேல் மாடி ஏன் கீழ் மாடியைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு?

இதுக்கு ஜெட்டினு பேரு. மாடித் தரையோட கட்டைகளை கீழ்ச்சுவரைத் தாண்டி ஒண்ணு ரெண்டு அடி வெளிய நீட்டி, அந்த நுனி மேல மேல்மாடிச் சுவரை ஏத்தறது. மாடில இடம் கொஞ்சம் கூடும், கீழ்ச்சுவர் மேல மழை நேரா விழாது. இன்னொரு லாபமும் உண்டு: வெளி நுனில சுவர் எடை அமுக்கும்போது உள்ள நடுவுல தரை தொங்கறது குறையும், தராசு மாதிரி. மூலைல ரெண்டு பக்கமும் நீட்டணும்னா அங்க மூலைவிட்டமா ஒரு தடிச்ச உத்தரம் போடுவாங்க, அதுக்கு டிராகன் பீம்னு பேரு. கேக்க நல்லா இருக்குல்ல.

உள்ள பிளான் எப்படி?

நடுவுல கூழாங்கல் பதிச்ச சின்ன முற்றம், சுத்தி மூணு பக்கம் கட்டடம், எதுவும் எதோடயும் சமச்சீரா இல்ல. தெற்குல வாசல். முற்றத்தைத் தாண்டி எதிர்ல வடக்குல கிரேட் ஹால், கிழக்குல குடும்பத்து அறைகளும் ஒரு சின்ன சேப்பலும், அதாவது வீட்டுக்குள்ளயே ஒரு ஜெப அறை.

கிரேட் ஹால்தான் ஆதி வீடு. செதுக்கின முகப்பு வழியா நுழைஞ்சா ஒரு குறுக்கு நடை, அதுக்கு ஒரு பக்கம் ஹால், மறு பக்கம் சமையல், சரக்கு அறை. இன்னிக்கு கல் பாவியிருக்கு, ஆதியில மண் தரையும் மேல பரப்பின கோரைப்புல்லும், நடுவுல திறந்த கணப்பும் இருந்திருக்கணும், புகை அப்படியே மேல கூரை வழியா போயிருக்கும். எஜமான்லேர்ந்து வேலையாள் வரைக்கும் எல்லாரும் ஒரே இடத்துல சாப்பிட்ட காலம் அது. அப்புறம் காலம் மாறுது, குடும்பம் தனியா ஒதுங்கணும்னு நினைக்குது, ஹாலுக்கு நடுவுலயே ஒரு மாடித் தரை கூட போட்டுட்டாங்க, பின்னாடி வந்தவங்க அதை எடுத்துட்டாங்க, இப்போ திரும்ப அந்த உயரம் தெரியுது.

சுவர் ஓவியம் இருக்குன்னு கேள்விப்பட்டேன்?

இருக்கு, அதுவும் ரொம்ப நாள் மறைஞ்சு இருந்தது. 1976ல பார்லர்ல, அதாவது குடும்பம் உக்காந்து பேசற அறைல, பிற்காலத்துப் பலகையைக் கழட்டினப்போ பின்னாடி 16ஆம் நூற்றாண்டு ஓவியம். சுவரையே மரப்பலகை அடிச்ச மாதிரி வரைஞ்சிருக்காங்க, அதுக்கு மேல பைபிள் வழி வந்த சூசன்னா கதை, பொய்ப்பழி சுமத்தப்பட்ட பெண்ணோட கதை, தொடர் படமா ஓடுது. கொஞ்சம் மங்கித்தான் இருக்கு. பொறுமையா நின்னு பாருங்க.

கேலரியோட ரெண்டு கடைசிலயும் சுதை உருவங்கள் இருக்கு, ஒரு பக்கம் சக்கரத்தோட அதிர்ஷ்டம், மறு பக்கம் விதி. 1556ல ராபர்ட் ரெக்கார்டு எழுதின வானியல் புத்தகத்துலேர்ந்து எடுத்தது, கணக்குல நாம போடற சமக்குறியை 1557ல அறிமுகப்படுத்தினவரும் இவரேதான். அதிர்ஷ்டத்தை ஆள்றது அறியாமை, விதியை ஆள்றது அறிவுன்னு வாசகமும் இருக்கு. கிராமத்துல, மாட்டுப் பண்ணைக்கு நடுவுல ஒரு வீட்ல, அப்போதான் வந்த வானியல் புத்தகத்தைப் படிச்சுட்டு அதைச் சுவர்ல ஏத்தணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டிருக்கார்னு நினைச்சா எனக்கு சிலிர்க்கும்.

ஜன்னல்ல ஏன் அவ்ளோ சின்னச் சின்ன கண்ணாடி?

பெருசா தகடு பண்ணத் தெரியாது, ஊதி எடுத்த கண்ணாடில சின்ன துண்டுதான் கிடைக்கும். அதை ஈயப் பட்டைல கோப்பாங்க. இந்த வீட்ல மொத்தம் 30,000 துண்டு இருக்குன்னு கணக்கு, சதுரம், வட்டம், முக்கோணம், வைரக்கட்டம்னு ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு கோலம். நிறைய துண்டு இன்னும் பழைய கண்ணாடியே, பச்சை ஓடினது, மஞ்சள் ஓடினதுன்னு பக்கத்துல பக்கத்துல வித்தியாசம் தெரியும். அந்தக் காலத்துல கண்ணாடி எவ்ளோ விலைன்னா, வீடு மாறினா ஜன்னலையும் கழட்டி எடுத்துட்டுப் போறவங்க உண்டு.

அகழி எதுக்கு? சண்டை நடந்துதா?

அகழி வீட்டை விடப் பழசு, சுமார் 10 மீட்டர் அகலம். பாதுகாப்புக்குன்னு சொல்றதை விட அந்தஸ்துக்குன்னு சொல்லலாம், இந்த ஜன்னல் வெச்ச வீட்டை எந்தப் படையும் நிமிஷத்துல பிடிச்சுடும். கழிப்பறை கோபுரத்துலேர்ந்து எல்லாம் நேரா அகழிக்குள்ளதான் விழும்ங்கறதையும் சேத்துக்கோங்க.

இவ்ளோ பழைய வீடு மாறாம எப்படி தப்பிச்சுது?

குடும்பம் ஏழையாயிடுச்சு, அதான் காரணம். உள்நாட்டுப் போர்ல மோர்ட்டன் குடும்பம் ராஜா பக்கம், ஊர் பாராளுமன்றம் பக்கம். 1643ல வீட்டை எடுத்துக்கிட்டு சிப்பாய்ங்களைத் தங்க வெச்சாங்க, வில்லியம் மோர்ட்டனை சிறைல போட்டாங்க. போர் முடிஞ்சு வெளிய வந்தப்போ கடன், நிலத்தைத் துண்டு துண்டா வித்தாங்க, 1670கள் கடைசியோட குடும்பமே அங்க வசிக்கறதை நிறுத்திட்டு குத்தகைக்காரங்ககிட்ட விட்டுட்டாங்க.

இங்கதான் கவனிக்கணும். 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல காசு இருந்த குடும்பங்கள் பழைய மர வீட்டை இடிச்சாங்க, இல்லன்னா முன்னாடி செங்கல் முகம் வெச்சு மூடினாங்க, நேர் நேரா ஜன்னல் வெச்சாங்க. மோர்ட்டன்களுக்கு அதுக்கு வழியில்ல. வீடு விவசாயி வீடா மட்டும் ஓடுச்சு, 19ஆம் நூற்றாண்டு நடுவுல பாதி அறை காலி, சேப்பல்ல நிலக்கரி கொட்டி வெச்சிருந்தாங்க. அப்படி கவனிப்பாரில்லாம கிடந்ததாலதான் 1600களோட வீடு கை படாம நமக்குக் கிடைச்சுது, அது கிட்டத்தட்ட நம்மள விட்டுப் போகவும் இருந்துச்சு, ரெண்டும் உண்மை.

காப்பாத்தினவங்க பேரு எலிசபெத் மோர்ட்டன், ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரீ. 1892ல அவங்க கைக்கு வீடு வந்துச்சு, மேல சொன்ன கம்பி அவங்க காலத்துல போட்டதா இருக்கலாம், சேப்பலையும் சீர் பண்ணாங்க. 1912ல உறவுக்காரரான பிஷப் சார்லஸ் ஆபிரகாமுக்கு, எந்தக் காலத்துலயும் விக்கக்கூடாதுங்கற நிபந்தனையோட விட்டுட்டுப் போனாங்க. அவர் ஆறு பென்ஸ் டிக்கெட் வெச்சு ஜனங்களுக்குத் திறந்துவிட்டார், 1938ல பழைய வீடுகளைப் பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்புகிட்ட ஒப்படைச்சார்.

ஃபர்னிச்சர் எல்லாம் அசலா?

மூணே மூணுதான் அந்த வீட்டோடது: ஒரு நீளச் சாப்பாட்டு மேசை, ஒரு பெரிய அலமாரி, ஒரு வட்ட மேசை. மத்த அறைகள் ஏறக்குறைய காலி. சிலருக்கு ஏமாத்தமா இருக்கும், எனக்கு அதுதான் பிடிச்சுது, மரத்தையும் மூட்டையும் எதுவும் மறைக்கல.

தோட்டம்?

கத்தரிச்ச குட்டைச் செடியால முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு தோட்டம் இருக்கு, பழசு இல்ல. 1670ல அச்சான ஒரு டிசைனைப் பாத்து 1972ல போட்டது. அழகா இருக்கு.

குழந்தைங்களுக்குப் போரடிக்காதா?

கேலரில பலகைக்குப் பின்னாடி 17ஆம் நூற்றாண்டு டென்னிஸ் பந்து நாலு கிடைச்சுதுன்னு சொல்லிட்டு உள்ள விடுங்க. அந்த மேடுபள்ளத் தரைல யாரோ பந்தை அடிச்சு, அது பலகை இடுக்குல போய் விழுந்து, எடுக்க முடியாம விட்டுட்டுப் போயிருக்காங்கன்னு சொன்னா போதும், மிச்சத்தை அவங்களே தேடுவாங்க.

நேரம் கம்மி, ஒரே ஒரு இடம் பாக்கணும்னா?

முற்றத்துக்குள்ள வந்ததும் வடகிழக்கு மூலைல நிமிர்ந்து பாருங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு பெரிய ஜன்னல் மாடம், கூரை ஒண்ணோட ஒண்ணு முட்டற அளவுக்கு நெருக்கமா, முகம் முகமா வளைஞ்சு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். ஜன்னலுக்கு மேல மரத்துல எழுத்து செதுக்கியிருக்கு. முதல்ல கடவுள் பேரு, அப்புறம் இந்த ஜன்னல்களை 1559ஆம் வருஷம் வில்லியம் மோர்ட்டன் செஞ்சார்னு இருக்கும், வீட்டுக்காரர், காசு குடுத்தவர். அதோட நிக்கல. கூடவே இன்னொரு வரி, அதே பெரிய எழுத்துல, எழுத்துப்பிழையோட: கடவுள் கிருபையால இந்த ஜன்னல்களை தச்சன் ரிச்சர்ட் டேல் செஞ்சான்.

நான் அந்த வரிக்குக் கீழ ரொம்ப நேரம் நின்னேன்.